கை மாறிய மஞ்சள் பட்டை

அந்த ஊரில் பள்ளி வேன் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் இந்த வேன்காரரைப் போல மெதுவாக ஓட்டுகிறவர் ஒருவர்கூட இல்லை. பிள்ளைகள் அவருக்கு ‘ஆமை அங்கிள்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பெற்றோர்களில் சிலரும் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொன்னார்கள். அவருக்கு அதில் வருத்தம் இல்லை. “ஆமைன்னே வச்சுக்கோ. வண்டியில எங்கயாவது ஒரு கீறல் இருந்தா காட்டு” என்பார். எந்தப் பிள்ளைக்கு எந்த வளைவில் வயிற்றைப் புரட்டும், எந்த இரண்டு பேரைப் பக்கத்தில் உட்காரவைத்தால் அடிதடி ஆகும், யார் செருப்பை சீட்டுக்கு அடியில் விட்டுவிட்டு வெறுங்காலோடு இறங்குவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

மனைவி ரெடிமேட் சட்டை தைக்கும் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள். பெரியவளுக்கு ஒன்பது வயது. சின்னவளுக்கு ஐந்து நிரம்பவில்லை. பெரியவள் அப்பாவின் வேனில்தான் பள்ளிக்குப் போனாள். எல்லாப் பிள்ளைகளையும் இறக்கிவிட்ட பிறகு கடைசியாக வீட்டு வாசலில் இறங்குகிறவள் அவள்.

சின்னவளின் கால்களில் நீலத் திட்டுகள் தெரிந்தபோது எங்கேயோ விழுந்து எழுந்திருப்பாள் என்றுதான் நினைத்தார்கள். பிறகு காய்ச்சல் வந்தது. போனது. மறுபடி வந்தது. உதடு வெளுத்துப்போய், மாடிப்படியில் பாதி ஏறியதும் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்துத் தெரு டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, “இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. நாளைக்கு வேண்டாம்” என்றார். ரத்தப் புற்றுநோய். இந்த வயதில் வந்தால் பெரும்பாலும் குணமாக்கிவிடலாம், ஆனால் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முதல் பாதி மனைவியின் காதில் விழுந்தது. இரண்டாவது பாதி அவர் காதில் விழுந்தது. அன்று இரவு வார்டில் உட்கார்ந்த பிறகுதான் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லி முழு வாக்கியத்தையும் சேர்த்தார்கள்.

அதன் பிறகு அந்த வீட்டில் நேரம் என்பது சின்னவளின் உடம்பைப் பொறுத்து நடந்தது. மனைவி வேலையை விட்டார். வேன்காரர் காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார், மணி அடிக்கும் நேரத்துக்குப் பள்ளிக்கு ஓடுவார், மறுபடி ஆஸ்பத்திரி. தும்மல் வந்தால்கூட விருந்தாளியை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் விருந்தாளிகளே வரவில்லை. பெரியவள் பாதி நாள் சித்தி வீட்டில் சாப்பிட்டாள், அங்கேயே தூங்கினாள். “பெரியவ தங்கமான பொண்ணு. ஒரு தொந்தரவு கிடையாது” என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னதோடு அவளைப் பற்றிய பேச்சு முடிந்துவிடும்.

ஒரு வருடம் போனது. கடுமையான மருந்துகள் முடிந்து, வீட்டிலேயே மாத்திரை கொடுக்கும் கட்டத்துக்கு வந்தார்கள். சின்னவளுக்கு முடி மறுபடி முளைத்து, முன்பு இல்லாத சுருளோடு காதுவரை வந்திருந்தது. மருந்தினால் கன்னம் இரண்டும் உப்பிக் கிடந்தன. தெரியாதவர்கள் பார்த்தால் நன்றாக ஊட்டி வளர்த்த குழந்தை என்பார்கள். அதே சமயம் பெரியவளுக்குப் பள்ளியில் பேன் தொற்றிக்கொண்டது. உட்கார்ந்து சீவி எடுக்க அம்மாவுக்கு நேரம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்தரியை எடுத்து ஒட்ட வெட்டிவிட்டார். பெரியவள் இயல்பிலேயே ஒல்லி. முடியும் போனதும் கண்கள் மட்டும்தான் பெரிதாகத் தெரிந்தன.

முகாமைப் பற்றிச் சொன்னது ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளர். ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் மரக்குடில்கள் இருக்கின்றன, புற்றுநோய் வந்த சின்னப் பிள்ளைகள் குடும்பத்தோடு வந்து சில நாள் தங்கலாம், டாக்டரும் நர்சும் கூடவே இருப்பார்கள், செலவு எதுவும் இல்லை என்றார். வேன்காரருக்கு அது விளங்கவில்லை. “இந்த நிலைமையில ஊர் சுத்தறதா? நாலு பேரு என்ன நினைப்பாங்க?” என்றார்.

“அந்த நாலு பேரும் ஒரு வருஷமா நம்ம வீட்டுப் பக்கமே வரலை. நினைச்சுட்டுப் போகட்டும்” என்றார் மனைவி. “ஒரு வேளையாவது வேற யாராவது ஆக்கிப்போட்டு நான் உட்கார்ந்து சாப்பிடணும். அதுக்காகவாவது போவோம்.”

போனார்கள்.

முகாம் வாசலில் கூட்டமாக இருந்தது. வேன்காரர் வண்டியை நிழலில் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். நிழல் அகப்படாமல் அவர் வண்டியை விட்டு இறங்குவது கிடையாது. மனைவி பின்னாலிருந்து மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார். அக்காவும் தங்கையும் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு முன்னால் போய்விட்டார்கள். அங்கே கழுத்தில் விசிலோடு ஒரு தொண்டர் நின்று, சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளுக்கு மஞ்சள் பட்டையும், கூடப் பிறந்தவர்களுக்குப் பச்சைப் பட்டையும் மணிக்கட்டில் கட்டிக்கொண்டிருந்தார். அவர் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். மஞ்சளைப் பெரியவள் கையில் கட்டினார். பச்சையைச் சின்னவள் கையில் கட்டினார்.

பெரியவள் பட்டையைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சின்னவள், “எனக்குப் பச்சை” என்று குதித்தாள்.

விசில்காரர் மஞ்சள் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கப்பல் கேப்டன் தொப்பி மாட்டி, மேளம் அடித்து, தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். பச்சைப் பிள்ளைகள் மேட்டுப் பக்கம் ஓடினார்கள். அங்கே மேட்டின் சரிவில் தண்ணீர் விட்டுச் சேறாக்கி வைத்திருந்தார்கள், சறுக்கி விளையாட. பெற்றோர்களைத் தேநீருக்கு அழைத்துப் போய்விட்டார்கள். வேன்காரரும் மனைவியும் ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக ஆறிப்போகாத தேநீர் குடித்தார்கள். பிள்ளைகள் எங்கே என்று அவர் இரண்டு முறை கேட்டார். “விளையாடறாங்க” என்றார்கள். அது போதுமென்று இருந்தது.

அன்று முழுக்க மஞ்சள் பிள்ளைகளோடு இருந்தது ஒரு நர்ஸ். நாற்பது வயதைத் தாண்டிய, பருத்த, சிரிக்காமலேயே சிரிப்புக் காட்டுகிற அம்மா. எல்லோரும் சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். களிமண் பொம்மை செய்யும் மேஜையில் பிள்ளைகள் தங்கள் தங்கள் ஆஸ்பத்திரிக் கதைகளைச் சொன்னபோது, பெரியவள் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட விவரமாக இருந்ததாம். முதுகுத்தண்டில் ஊசி போடும்போது முழங்காலை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படுக்க வேண்டும், சிவப்பு மருந்து ஏறினால் சிறுநீரும் சிவப்பாகப் போகும், அம்மா சமைக்கும் வாசனைகூட வயிற்றைப் புரட்டும் என்றெல்லாம் சொன்னாளாம். மற்ற பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்களாம்.

சாயங்காலம் மாத்திரை நேரம். பிள்ளைக்கு மாத்திரையைப் பெற்றோர்தான் கொடுக்க வேண்டும், சிஸ்டர் பக்கத்தில் நின்று பார்ப்பார். அது அங்கே விதி. எடை பார்க்கும் இயந்திரமும் குளிர்பெட்டியும் இருந்த சின்ன அறைக்குள் வேன்காரரும் மனைவியும் சின்னவளைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்தார்கள். தலைமுதல் கால்வரை சேறு. கையில் பச்சைப் பட்டை.

“இவளைக் குளிக்க வச்சுட்டு அப்புறம் கூட்டிட்டு வாங்களேன். முதல்ல அக்காவுக்கு மாத்திரையக் குடுங்க” என்றார் சிஸ்டர்.

“மாத்திரை இவளுக்குத்தான் சிஸ்டர்” என்றார் மனைவி.

சிஸ்டர் சின்னவளைப் பார்த்தார். சட்டைக் கழுத்தை விலக்கி, நெஞ்சில் தோலுக்கு அடியில் மருந்து ஏற்றுவதற்காக வைத்திருந்த சின்னக் கருவியின் மேட்டைத் தொட்டுப் பார்த்தார். “அப்போ அந்தப் பொண்ணு?” என்றவர், பொம்மை மேஜையில் அவள் சொன்ன கதைகளையும் சொன்னார்.

பெரியவளைக் கூப்பிட்டார்கள். தொப்பியோடு வந்தாள். அறையில் எல்லோரும் இருப்பதைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

“ஏன்டி இப்படிப் பண்ணின?” என்று கேட்டார் அம்மா.

“நான் ஒண்ணும் பண்ணல. அவர்தான் கட்டினார்.”

“எனக்கில்ல, தங்கச்சிக்குன்னு வாயத் திறந்து சொன்னா என்ன?”

“அவர் கேக்கவே இல்லையே.”

“ஊசி, மருந்துன்னு கதை கதையா அளந்தியாமே. அதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?”

“நீங்க சித்திகிட்ட போன்ல சொன்னீங்க. கதவுக்கு இந்தப் பக்கம்தான் இருந்தேன்.”

அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. “உடம்பு நல்லா இருக்கறது உனக்குக் கசக்குதா? அவ பட்ட பாட்டப் பார்த்துமா உனக்கு இந்த ஆசை வருது?”

பெரியவள் அழவில்லை. தொப்பியின் விளிம்பைத் திருகிக்கொண்டே சொன்னாள். “முதல் நாள் ஆஸ்பத்திரி வாசல்ல என்னை வேன்லயே விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் அவளத் தூக்கிட்டு ஓடிட்டீங்க. கதவு பூட்டியிருந்துச்சு. இருட்டற வரைக்கும் உள்ளயே இருந்தேன். கண்ணாடியத் தட்டினேன், யாரும் பாக்கல. அது உங்களுக்கு ஞாபகம்கூட இல்ல. இன்னிக்கு ஒரு நாள் எல்லாரும் எங்கிட்ட வந்து, உனக்கு என்ன வேணும்னு கேட்டாங்க.”

அம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தார். அம்மாவுக்கு அது தெரியாது. சித்தி வந்து பெரியவளைக் கூட்டிப்போனதாகத்தான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தார்.

வேன்காரருக்கு ஞாபகம் வந்தது. அன்று சாயங்காலம் வீட்டிலிருந்து துணிமணி எடுத்துவர வண்டிக்கு வந்ததும், கதவைத் திறந்ததும், கண்ணாடியில் அவள் முகம் தெரிந்ததும், “பசிக்குதா?” என்று கேட்டதும் ஒவ்வொன்றாக வந்தது. எவ்வளவு நேரமாக அவள் அங்கே இருந்தாள் என்று அன்று அவர் யோசிக்கவில்லை. அதன் பிறகும் யோசிக்கவில்லை. பிள்ளைகள் இறங்கிய பிறகு ஒவ்வொரு சீட்டையும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியைப் பூட்டுவேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவர் அவர்.

அந்த நேரத்தில் சின்னவள் அழ ஆரம்பித்தாள். யாரோ திட்டியதற்காக இல்லை. சிஸ்டர் அவள் கையிலிருந்து பட்டையை அவிழ்க்கப் போனதற்காக. “எனக்குப் பச்சைதான் வேணும். மஞ்சள் வேண்டாம். அதுல சறுக்க விடமாட்டாங்க” என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னிக்கு அப்படியே இருக்கட்டும்” என்றார் வேன்காரர். அந்த அறைக்குள் வந்த பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அது.

“நல்லா இருக்கு நியாயம். சேத்துல புரண்டு அந்தப் புள்ளைக்கு ஏதாவது தொத்திக்கிட்டா?” என்றார் மனைவி. சிஸ்டர்தான் இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து, யாருக்கு என்ன மருந்து என்பது தனக்குத் தெரியும், பட்டை எந்தக் கையில் இருந்தாலும் அது மாறாது, பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

மறுநாள் காலையில் சின்னவளுக்குக் காய்ச்சல் இருந்தது. இந்த நோயில் காய்ச்சல் என்றால் யோசிக்க ஒன்றும் இல்லை, உடனே ஆஸ்பத்திரி. முகாமின் கார் வாசலுக்கு வந்தது. மனைவி சின்னவளைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு ஏறினார். பழக்கத்தில் வேன்காரரின் கை சட்டைப்பையில் சாவியைத் தேடியது. தன் வண்டியில் பின்னாலேயே போய்விடலாம் என்று நினைத்தார்.

“நீங்க வர வேண்டாம்” என்றார் மனைவி, கார் கண்ணாடியை இறக்கி. “பெரியவகூட இருங்க.”

அதில் பாசம் எதுவும் தொனிக்கவில்லை. கடையில் என்ன வாங்கிவர வேண்டும் என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். கார் போய்விட்டது.

பெரியவள் குடிலின் படியில் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் பட்டையைப் பல்லால் கடித்து அறுத்துப்போட்டிருந்தாள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். காலைச் சாப்பாட்டுக்கு மணி அடித்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை. வேனில் தினமும் இருபது பிள்ளைகளோடு வாயாடுகிறவருக்கு ஒரு பிள்ளையோடு உட்கார்ந்தபோது நாக்கு எழவில்லை. கடைசியில் விசில்காரர்தான் வந்தார். நேற்று நடந்ததற்காக வருத்தப்பட்டார். பிறகு, “படகு சும்மா கிடக்கு. போறீங்களா?” என்று கேட்டார்.

வேன்காரருக்கு நீச்சல் தெரியாது. முழங்கால் அளவுத் தண்ணீரில்கூட இறங்கியதில்லை. ஆனாலும் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு படகில் ஏறினார். துடுப்பு இரண்டையும் அவரே பிடித்தார். வலது கையில் பலம் அதிகம் என்பதால் படகு முன்னால் போகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

“வட்டமாப் போகுதுப்பா” என்றாள் அவள்.

“தெரியுது.”

“ஒண்ண எங்கிட்டக் குடுங்க.”

கொடுத்தார். படகு கோணல்மாணலாகக் கரையை விட்டு விலகியது. ஏரியின் நடுவில் காற்று இருந்தது. கரையில் பிள்ளைகளின் சத்தம் சின்னதாகக் கேட்டது.

“அவ செத்துப்போயிடுவாளாப்பா?” என்று கேட்டாள்.

அவர் துடுப்பை நிறுத்தினார். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். ஒரு வருடமாக எல்லோரும் அவளிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். “மாட்டான்னுதான் டாக்டர் சொல்றாங்க. எனக்குத் தெரியலம்மா” என்றார்.

“அம்மாவுக்கு?”

“அம்மாவுக்கும் தெரியாது.”

அவள் தலையாட்டினாள். பயந்தவளாகத் தெரியவில்லை. “நேத்து நான் சொல்லியிருந்தா அவ சேத்துல விளையாடியிருக்க மாட்டா. அதனாலதானே காய்ச்சல்?” என்றாள் பிறகு.

“அதுவும் எனக்குத் தெரியல. சிஸ்டர்கிட்ட கேப்போம்.”

கொஞ்ச நேரம் கழித்து, அவளுடைய நெருங்கிய தோழியைப் பற்றிக் கேட்டார். எப்போதும் அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிற பெண். “அவங்க வீடு மாத்திட்டுப் போயிட்டாங்கப்பா. போன வருஷமே” என்றாள். வேன்காரர் யோசித்துப் பார்த்தார். அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தாமல் போக ஆரம்பித்தது அவரேதான். ஒரு நிறுத்தம் குறைந்தது என்றுதான் நினைத்திருந்தார். தன் மகளுக்கு அதில் ஒரு ஆள் குறைந்தது என்று தோன்றவில்லை. இதை அவர் அவளிடம் சொல்லவில்லை. “அந்த சீட் காலியாத்தானே இருக்கு. இனிமே நீ முன்னாடி வந்து எம்பக்கத்துல உட்காரு” என்றார்.

“முன்னாடி சின்னப் பசங்க உட்காரக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க.”

“ஆமா. சரி, எனக்கு நேர் பின்னால உட்காரு.”

மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. சாதாரணச் சளிக் காய்ச்சல். இருந்தாலும் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்புவார்கள். சிஸ்டர் பெரியவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சளி தொற்றினால் மறுநாளே காய்ச்சல் வராது, இது முகாமுக்கு வருவதற்கு முன்பே வீட்டிலோ ஆஸ்பத்திரியிலோ தொற்றியது, சேற்றுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று விளக்கினார். பெரியவள் இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சிஸ்டர் இன்னொரு முறை சொன்னார். அதற்குப் பிறகுதான் அவள் சாப்பிடப் போனாள்.

சின்னவள் முகாம் முடிவதற்கு முந்தின நாள் திரும்பி வந்தாள். வந்ததும் பச்சைப் பட்டை எங்கே என்று கேட்டாள். விசில்காரர் இரண்டு நிறத்திலும் ஒவ்வொன்று கட்டிவிட்டார். அம்மா பெரியவளிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் அவளை முன்னால் உட்காரவைத்துத் தலையைத் துழாவிப் பார்த்தார்.

“ஒண்ணுகூட இல்ல” என்றார்.

“முடியே இல்ல. பேன் எங்கம்மா உட்காரும்?” என்றாள் பெரியவள். அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு, குடிலுக்கு வெளியே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த வேன்காரர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதோடு எல்லாம் நேராகிவிடவில்லை. சின்னவளுக்கு எட்டு வயதில் நோய் திரும்பி வந்தது. எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும் என்றார்கள். அக்காவின் மஜ்ஜை பொருந்துகிறதா என்று பார்த்தார்கள். பொருந்தவில்லை. பெரியவள் அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்குப் போக மறுத்தாள். யாரோ முகம் தெரியாத ஒருவருடையது பொருந்தியது. அது ஒட்டிக்கொள்ள வெகுநாள் ஆனது. இப்போது சின்னவளுக்குப் பதினாறு வயது. வயதுக்கு உயரம் போதவில்லை. வாய்க்குக் குறைவில்லை. முகாமைப் பற்றிக் கேட்டால் சேறு மட்டும் ஞாபகம் இருக்கிறது என்கிறாள். பெரியவள் ஏசி மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டு, ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறாள். தங்கையோடு வாரத்தில் இரண்டு நாளாவது சண்டை. அம்மா மறுபடி காலர் தைக்கப் போகிறார்.

வேன்காரர் ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும், சொந்த வண்டி இல்லாத குடும்பங்களை முகாமுக்குக் கொண்டுபோய் விடுகிறார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, அவராகவே போய் நின்றார். எல்லோருக்கும் ஒரே நிறப் பட்டை போதும் என்று முகாம் நடத்துகிறவர்களிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். ஆகட்டும் என்றார்கள், மாற்றவில்லை. மூன்றாவது வருடம் கடையில் மஞ்சளும் பச்சையும் கிடைக்காமல் எல்லோருக்கும் நீலத்தில் கட்டினார்கள். அதிலிருந்து அதுவே நிலைத்துவிட்டது.

போன விடுமுறையில் ஒரு குடும்பம் வந்தது. கணவர் கட்டடங்களுக்கு வெள்ளையடிப்பவர். முகாம் வாசலில் மனைவியும் பிள்ளைகளும் இறங்கிப் போன பிறகும் அவர் மட்டும் கடைசி சீட்டை விட்டு எழவில்லை.

“நான் இங்கயே இருந்துக்கறேன். நீங்க கிளம்பும்போது என்னை ஊர்லயே இறக்கி விட்டுடுங்க” என்றார்.

“சரி. ஆனா வண்டிக்குள்ள சிகரெட் கூடாது” என்றார் வேன்காரர்.

என்ஜினை அணைத்தார். ஜன்னல்களைத் திறந்துவிட்டார். பின்னால் போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த ரொட்டியைப் பிரித்துப் பாதியை நீட்டினார். அந்த மனிதர் வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் ரொட்டியைத் தின்று முடித்தார்கள்.

“உங்க பொண்ணுக்கும் இதே வியாதிதான்னு சொன்னாங்க. இப்ப எப்படி இருக்கா?” என்று கேட்டார் வெள்ளையடிப்பவர்.

“எனக்கு ரெண்டு பொண்ணுங்க” என்று ஆரம்பித்தார் வேன்காரர். பெரியவளிலிருந்து தொடங்கினார். அவர் எதையும் அவசரமாகச் செய்கிறவர் இல்லை. சாப்பாட்டு மணி அடித்தபோது இன்னும் சின்னவளின் கதைக்கு வந்து சேரவில்லை. மீதியை நடந்துகொண்டே சொல்கிறேன் என்று இறங்கினார். வெள்ளையடிப்பவரும் கூடவே இறங்கினார்.